அரை எச்.பி. லேப்டாப்

வேண்டாமுங்க தம்பி, மேல எல்லாம் வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். காந்திபுரத்துலிருந்து கண்டக்டரும் ரெண்டு தடவை சொல்லிப்போட்டாரு. பிரேக் போட்டா மேலயிருந்து விழுந்து யார் மண்டையாவது போயிருமுங்க. கனம் அப்படி. சித்தே தூக்கிப் பாருங்க. பாத்தீங்ளா? லேப்டாப்புதான், வேற ஒண்ணுமில்லை. இதுக்கு சார்ஜர்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதுவே ஒரு செங்கல் கனம் வரும். முன்னூத்தி முப்பது வாட்ஸ். எங்க கணக்குல அரை எச்.பி.க்குக் கொஞ்சந்தான் கம்மி. சின்ன ஊடுகளுக்கு மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரே அரை எச்.பி.தானுங்க.

நீங்க சரவணம்பட்டியில ஏறும்போதே கழுத்துல தொங்கற அட்டையைப் பாத்துட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு ஞாயம் சொல்லோணும் நீங்க. இருக்கறதுலயே பெருசாப் பாத்து வாங்கிக் குடுத்த அப்பன்கிட்ட, ஒரு புள்ள ரெண்டு மாசமா மொகங்குடுத்துப் பேசறதில்லைன்னா அது யார் மேலங்க தப்பு? அன்னூர் வர்றதுக்குள்ள முழுசாச் சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு குழந்தைவேலு. அன்னூர்ல போர் மோட்டார் கடை வெச்சிருக்கேன். மோட்டார் விக்கறது, குழிக்குள்ள எறக்கறது, காயில் கருகுனா எடுத்துக் கட்டறது, எல்லாம் நாந்தான். இருவத்தியாறு வருசமா இதே சோலி. ஒரே புள்ளைங்க, சிந்துஜா. டிகிரி முடிச்சுட்டு இப்ப இங்க யுனிவர்சிட்டில மேல்படிப்பு. ஆஸ்டல்ல இருக்கறா. அவளாவே பரீட்சை எழுதி, அவளாவே சீட்டு வாங்குனா. எனக்கு அதுல பெருமைதானுங்க, இல்லைன்னு சொல்லலை.

சேந்த ஒடனே போன் பண்ணுனா. அப்பா, லேப்டாப்பு ஒண்ணு வேணுமுங்ப்பான்னா. வாங்கிப்போடலாம் கண்ணுன்னேன். அதுக்கப்பறம் வாட்சப்புல பேசி அனுப்பிச்சா பாருங்க, ஏழு நிமிசம். ஏழு நிமிசம் யாருங்க ஒக்காந்து கேக்கறது? கடையில ஆள் நிக்குது. மொத அரை நிமிசம் கேட்டேன். கனம் கம்மியா இருக்கோணும், பிராசஸர் நடுத்தரமா இருந்தாப் போதும், அப்படி இப்படின்னு போச்சு. சரி, வெசயம் புரிஞ்சுது, புள்ள செலவைப் பாத்துக் கூச்சப்படறான்னு நெனச்சுட்டேன். அப்பறம் போன்ல எடம் பத்தலைன்னு எல்லாத்தையும் அழிச்சப்ப அதுவும் போயிருச்சுங்க.

பிராசஸர்னா என்னன்னு நானும் விசாரிச்சேன். சும்மா இல்லீங்க, ஒரு மாசம் விசாரிச்சேன். ஒண்ணும் பெரிய ரகசியமில்லை, கம்ப்யூட்டருக்கு அதுதான் மோட்டார். ஐ-த்ரீ, ஐ-ஃபைவ், ஐ-செவன், ஐ-நைன். நாம மூணு எச்.பி., அஞ்சு எச்.பி., ஏழரை எச்.பி.ங்கறாப்பல. நம்பருக்குப் பின்னால ஒரு எழுத்து வரும். யு-ன்னு வந்தா கரண்டு கம்மியா இழுக்கறது, பட்டறையில கனமான சோலிக்கு ஆகாது. எச்-ன்னு வந்தா ஆளு கெட்டி. எச்.எக்ஸ்-னு வந்தா அதுக்கு மேல ஒண்ணு கெடையாது. இப்ப மடியில இருக்கறது ஐ-நைன், எச்.எக்ஸ். இருவத்தி நாலு கோர். முப்பத்திரண்டு ஜிபி ராம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனுங்க.

அவ அந்த வாட்சப்புப் பேச்சுல கேட்டது என்ன தெரியுங்களா? ஐ-ஃபைவ். அதுவும் யு.

எங்க கடைக்கு அடுத்தாப்பல உரக்கடை. சாமியப்பன்னு ஒருத்தர். அவரு பையன் இஞ்சினீரிங் படிக்கறான், ஐ-செவன் வெச்சிருக்கறான். டெய்லி சாயங்காலம் டீக்கடையில அதைப் பத்திதான் பேச்சு. எம் பையன் ஐ-செவன், எம் பையன் ஐ-செவன். அந்த ஆளு முன்னாடி எம் புள்ளைக்கு ஐ-ஃபைவ்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க சொல்றது? அதுக்காக வாங்கலை, அதையும் சொல்லிப்போடறேன். புள்ளைக்கு ஒசத்தியா வாங்கோணும்னுதான் வாங்குனேன். அந்தாளு ஒரு வாரம் டீக்கடைப் பக்கமே வரலைங்கறது வேற வெசயம்.

ஆடித் தள்ளுபடியில நானும் அவளுமா காந்திபுரத்துல ஒரு கடைக்குப் போனோம். கடையில ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு, மரியாதையாப் பேசுச்சு. எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறாங்க, படிக்கவா, கேமா, வீடியோ எடிட்டிங்கான்னு கேட்டுச்சு. சிந்துஜா என்னமோ சொல்ல வாயைத் தொறந்தா. நான் முந்திட்டு எல்லாத்துக்கும்மான்னு சொல்லிப்போட்டேன். ஒண்ணு வாங்கறோம், எல்லாத்துக்கும் ஆகோணுமில்லீங்களா? அந்தப் பொண்ணு ஒரு நோட்டுப் புஸ்தகம் சைசுல ஒண்ணை எடுத்து அவ கையில குடுத்துச்சு. ஒண்ணேகால் கிலோவாம். பேட்டரி பத்து மணி நேரம் நிக்குமாம். சத்தமே வராதாம், உள்ள ஃபேனே சுத்தாதாம். அவ அதை வாங்கி நெஞ்சோட வெச்சுட்டு நின்னா. அப்பா, இது போதுமுங்ப்பான்னா.

நான் கையில வாங்கிப் பாத்தேன். காத்தாட்டம் இருக்குது. சத்தம் வராத மெசினை நான் பாத்ததில்லீங்க தம்பி. ஓடுற மோட்டார்னா சத்தம் வரோணும். ஓடறதே தெரியலைன்னா ஓடுதா நின்னுபோச்சான்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஃபேனு வேணாமுங்களா, சூட்டைத் தள்ளறதுக்கு? அது விளையாட்டுச் சாமான் கண்ணு, நாலு வருசம் நிக்காது, அப்பா சொல்றதைக் கேளுன்னேன். இருக்கறதுலயே பெரிய பிராசஸர் எதும்மான்னு கடைப் பொண்ணுகிட்டக் கேட்டேன். இதைக் காட்டுச்சு.

சிந்துஜா வெளிய வந்ததும் ஒண்ணு சொன்னா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அப்பா, நீங்க கடையில தோட்டத்துக்காரங்களுக்குச் சொல்றதைத்தானுங்ப்பா நானும் சொல்றேன்னா. அது என்னன்னா, நம்ம பக்கத்துல தோட்டத்துக்காரங்க கடைக்கு வந்தா, போர்ல தண்ணி ரெண்டு இஞ்சு வருதோ ஒண்ணரை வருதோ, பக்கத்துக் காட்டுக்காரன் ஏழரை போட்டிருந்தா எனக்குப் பத்து எச்.பி. குடும்பாங்க. நான் குடுக்கவே மாட்டேன். வாயடிச்சுச் சண்டை போட்டே அனுப்பியிருக்கறேன். குழிக்குள்ள எவ்வளவு தண்ணி ஊறுதுன்னு பாத்துட்டுத்தானய்யா மோட்டார் போடோணும், பெருசாப் போட்டா அரை மணி நேரத்துல தண்ணிய இழுத்துட்டு வெறும் ஓட்டம் ஓடிக் காயில் கருகிப்போகும், உனக்கும் நட்டம் எனக்கும் கெட்ட பேருன்னு சொல்லி அனுப்புவேன். அந்த வெசயத்துல நான் கறாருங்க. சுத்துப்பட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க.

அதையும் இதையும் ஒண்ணாக்கறாளுங்க அவ. அது மோட்டார் கண்ணு, இது கம்ப்யூட்டர், அதுக்குத் தண்ணிக் கணக்கு, இதுக்கு எதுங்கண்ணு தண்ணின்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பொட்டிய அவதான் தூக்கிட்டு நடந்தா. நடுவுல ரெண்டு எடத்துல எறக்கி வெச்சுக் கை மாத்திக்கிட்டா.

ஆஸ்டலுக்குப் போய் ஒரு வாரத்துல ஆரம்பிச்சுது. அப்பா, கிளாஸ்ல பிளக் பாயிண்டு இல்லீங்ப்பா, ஒண்ணரை மணி நேரத்துல ஆஃப் ஆயிருது. சார்ஜரையும் தூக்கிட்டுப் போ கண்ணுன்னேன். அப்பா, லைப்ரரில எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்ப்பா, அவ்வளவு சத்தம். பாக்கட்டும், அவங்ககிட்ட இப்படி ஒண்ணு இல்லைல்லன்னேன். அப்பறம் மாசத்துக்கு ரெண்டு தடவை ஆனைகட்டி தாண்டி மலைக்கு டூர் கூட்டிட்டுப் போயிடறாங்க, என்ன காலேஜோ. அங்கயிருந்து போன் பண்ணி, இங்க கரண்டே இல்லீங்ப்பா, காலையில பத்து மணிக்கெல்லாம் லேப்டாப்பு நின்னுபோச்சு, நாள் பூராப் பாழுங்ப்பான்னு சொல்லி அழுகறா. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. டூர் போற எடத்துக்கு அதை எதுக்குடி தூக்கிட்டுப் போறேன்னு கேட்டுப்போட்டேன்.

அன்னிக்கு போனை வெச்சவதான். அதுக்கப்பறம் எனக்குப் போன் கெடையாது. எல்லாம் அவங்கம்மா தங்கமணிக்குத்தான். நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன், அந்தப்பக்கம் அவ சிரிக்கறது கேக்கும். போனை என்கிட்டக் குடுத்தா, சாப்பிட்டீங்ளாப்பா, சரி வெக்கறேம்ப்பா, அவ்வளவுதான். சின்ன வயசுல நான் மோட்டார் எறக்கப் போற காடு தோட்டத்துக்கெல்லாம் பின்னாடியே வந்து நொச்சு நொச்சுன்னு பேசிட்டே இருக்கற புள்ளைங்க அது. எனக்கு அது ரொம்ப வெசனமாப் போச்சு தம்பி. ஊட்டுக்காரி என்ன சொல்றாங்கறீங்க? நீங்க புள்ளைக்கு வாங்குனீங்களா, சாமியப்பனுக்கு வாங்குனீங்களாங்கறா. பொம்பளைங்களுக்கு எதாவது ஒண்ணு சொல்லோணும்.

ஆயுத பூசைக்கு ஊட்டுக்கு வந்தா. எனக்கு அப்படியொரு சந்தோசம். கடையில எப்பவும் பூசையைப் பெருசாப் பண்ணுவோமுங்க. ஸ்பேனரு, பைப் ரெஞ்சு, காயில் சுத்தற மெசினு, மீட்டரு எல்லாத்தையும் கழுவித் தொடைச்சு வரிசையா வெச்சு சந்தனம் குங்குமம் வெப்போம். அவளே வந்து இந்த லேப்டாப்பையும் கொண்டுவந்து நடுவுல வெச்சா. நான் பெருசா ஒரு சந்தனப் பொட்டு வெச்சேன். இந்தா பாருங்க, இன்னும் காஞ்சுபோய் இருக்குது, நான் அழிக்கலை. சாமி கும்புட்டா, பொரிகடலை தின்னா, அம்மாகூட ரெண்டு நாள் இருந்தா, பஸ் ஏறிப் போயிட்டா. புள்ள கோவமெல்லாம் போயிருச்சு, படிக்கற சாமானை அப்பன் கடையில வெச்சுக் கும்புடறா பாருன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேனுங்க.

மூணு நாள் கழிச்சு சாமான்களை எடுத்து வெக்கறப்பத்தான் பாக்கறேன், லேப்டாப்பு அங்கயேதான் இருக்குது. அட, மறந்துட்டுப் போயிட்டாளே, படிப்புக்கு என்ன பண்ணுவாளோன்னு பதறிப்போச்சு. தங்கமணி வாசல் தெளிச்சுட்டே சொல்றா, மறந்துட்டெல்லாம் போகலீங்க அவன்னு. வேணும்னு உட்டுட்டுப் போறதுக்கு இது என்ன ஓட்டைக் கொடையாங்க? கடையில ரெண்டு வாரமா வேலை ஒழியலை. இன்னிக்குத்தான் தூக்கிட்டுப் போனேன்.

கோவில்பாளையம் வந்துருச்சுங்களா? சரி, சுருக்கமாச் சொல்லிப்போடறேன்.

ஆஸ்டல்ல பாக்க வர்றவங்களுக்குன்னு ஒரு ஹால் இருக்குதுங்க. அங்க ஒக்காந்திருந்தேன். வந்தா. இளைச்சுப் போயிருந்தா. கக்கத்துல ஒரு லேப்டாப்பு, சின்னது, பழசு. மூலையில பெயிண்டு போயிருந்துச்சு. படிச்சு முடிச்சுட்டுப் போன ஒரு அக்காகிட்ட ஸ்காலர்ஷிப் காசுல வாங்குனாளாம். என்ன பிராசஸர் கண்ணுன்னேன். ஐ-ஃபைவ்தானுங்ப்பா, யு-தான்னு சொன்னா. நாலு வருசத்துக்கு முந்துனது. எனக்கு எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

இதை மறந்துட்டு வந்துட்டயே சாமி, கொண்டாந்திருக்கேன்னு மேசை மேல வெச்சேன். மறக்கலீங்ப்பான்னா. மொகத்தைப் பாத்தே சொன்னா. இதுல என்ன கொறைன்னு சொல்லு கண்ணுன்னேன். இதுல ஒரு கொறையும் இல்லீங்ப்பான்னா. அப்பறம் என்ன நெனச்சாளோ, பக்கத்துல வந்து ஒக்காந்து, கழுத்துல கெடந்த பாட்டுக் கேக்கற ஒயரை அந்தச் சின்ன லேப்டாப்புல சொருகி, என்ற ரெண்டு காதுலயும் மாட்டி உட்டா. இதைக் கேளுங்ப்பா, ஆகஸ்டு மாசம் மலையில பதிவு பண்ணுனது, உங்க லேப்டாப்புல பண்ணுனதுன்னா. மலைச்சனம் பேசறது. ஒரு பொம்பளை என்னமோ சொல்லீட்டிருக்குது. தேனு வகை எத்தனை, எந்தத் தேனீக்கு என்ன பேருன்னு சொல்லுதாம். அந்தப் பேரையெல்லாம் அங்க இப்ப நாலஞ்சு பேருக்குத்தான் தெரியுமாம். அந்தப் பேச்சுக்குப் பின்னால ஙொய்னு ஒரு எரைச்சல், விடாம. நான் கண்ணை மூடிட்டு நல்லாக் கேட்டேனுங்க. புள்ள ஆசையாக் கேக்கச் சொல்றாளேன்னு முழுசாக் கேட்டேன்.

என்னங்ப்பா கேட்டுச்சுன்னா. எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் சொல்லுவேன். ஃபேனு சத்தம் சீரா இருக்குது கண்ணு, பேரிங்குல ஒரு கோளாறும் இல்லை, மெசினு நல்லா இருக்குதுன்னேன்.

அவ கோவிச்சுக்கலை. கோவிச்சிருந்தாக்கூடப் பரவால்லை. ஒயரைக் கழட்டிச் சுருட்டி வெச்சுட்டு, மெதுவாக் கேக்கறா. அப்பா, நான் என்ன படிக்கறேன்னு சொல்லுங்க பாக்கலாம்னா. எம்.ஏ.ன்னேன். எதுல எம்.ஏ.ன்னா. எனக்குத் தெரியுமுங்க தம்பி, தெரியாம என்ன. இங்கிலீசுப் பேரு, பெரிய பேரு. வாய்ல வரமாட்டேங்குது. அட்மிசன் பாரத்துல நாந்தானே கையெழுத்துப் போட்டேன். ஹால்ல வேற அப்பாம்மாங்க ரெண்டு மூணு பேரு ஒக்காந்திருக்காங்க, அவங்க வேற பாக்கறாங்க. எனக்கு வேர்த்துப்போச்சு.

ஆனா அவ என்னைச் சங்கடப்படுத்தலை. நோட்டுல ஒரு பக்கத்தைக் கிழிச்சு எழுதி மடிச்சு, என்ற சட்டைப் பையில வெச்சா. ஊட்டுக்குப் போய்ப் படிங்ப்பான்னா. தீவாளிக்கு எப்ப கண்ணு வர்றேன்னு கேட்டேன். வரலீங்ப்பா, மலையில வேலை இருக்குதுன்னா. தீவாளிக்கு வராம இருந்ததே இல்லீங்க அவ, பொறந்ததுலிருந்து. அவங்கம்மாகிட்டச் சொல்லீட்டாளாம், ஒரு வாரம் முன்னாடியே. எனக்குத்தான் தெரியலை. ஆஸ்டல் கேட்டு வரைக்கும் வந்தா, சாப்பிட்டுட்டுப் போங்கப்பான்னு சொன்னா, உள்ள போயிட்டா. இந்தக் கனத்தைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன். தோள்பட்டை ரெண்டும் விட்டுப்போச்சுங்க.

இப்ப நீங்க சொல்லுங்க. யார் மேல தப்பு? நான் சின்னதா வாங்கிக் குடுத்து, புள்ள பத்தலைன்னு அழுதா, அது தப்பு. பெருசா வாங்கிக் குடுத்துட்டு நானே அழுகறேன். சாமியப்பன் பையன் தீவாளிக்கு வருவான். அவங்கூட்டு வாசல்ல வெடிச்சத்தம் கேக்கும். நான் கடையைச் சாத்திட்டுப் போய் என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலை.

இல்லீங்க, அவ எழுதிக் குடுத்த சீட்டை இன்னும் படிக்கலை. பஸ்சு ஏறுனதும் எடுத்தேன், கண்ணாடியைக் கடையிலயே வெச்சுட்டு வந்துட்டேன். எழுத்து பூச்சி பூச்சியாத் தெரியுது. இந்தாங்க, நீங்க படிங்க. கொஞ்சம் நிறுத்திப் படிங்க.

எம்.ஏ. லிங்... லிங்குயிஸ்டிக்ஸ். ஆமாங்க, அதேதான், இதைத்தான் நானும் நெனைச்சேன். இன்னொருக்காச் சொல்லுங்க. லிங்குயிஸ்டிக்ஸ்.

அப்படின்னா என்னுங்க?

சனங்க பேசறதைக் கேட்டு, அதை எழுதி, அது எப்படி அமைஞ்சிருக்குதுன்னு பாக்கறதுங்களா? அதுக்குன்னு ஒரு படிப்பா? அப்ப அந்த மலைக்குப் போறது... அது டூரில்லீங்களா.

அந்தத் தேனு பேரு சொன்ன பொம்பளை பேச்சு.

அது மேலதான் அந்தச் சத்தம்.

...

இல்லீங்க, ஒண்ணுமில்லை. தூசி. ஜன்னலை வேணா சாத்திக்கறேன்.

சரிங்க தம்பி, அதை உடுங்க. நீங்க இந்தத் தொழில்லயே இருக்கறவரு, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் படிப்புக்கு, மலையில, கரண்டு இல்லாத எடத்துல நாள் பூரா ஒக்காந்து கேக்கறதுக்கு, சத்தம் வராம, எந்தப் பிராசஸருங்க சரியா இருக்கும்?

என்னது? அதை அவகிட்டயே கேக்கறதுங்களா?

...

கேட்டாச் சொல்லுவாளுங்களா, தம்பி?